காபியை மோப்பம் பிடித்த ராஜா

காபியைக் கண்டுபிடித்தது யார் என்றால் எத்தியோப்பிய இடையன் கால்டியைக் கைகாட்டுவார்கள். பழத்தைத் தின்ற ஆடுகள் துள்ளிக் குதித்தனவாம். இந்தக் கதை அச்சேறியது 1671இல், அதுவும் ரோம் நகரில். அதற்குள் சாட்சி சொல்ல ஓர் ஆடுகூட உயிரோடு இல்லை. இடையனை விடுங்கள். காபியைத் தடுக்கப் பார்த்தவர்களின் கதைதான் சுவாரஸ்யம்.

1511இல் மெக்காவின் அதிகாரி கைர் பேக், ராத்திரியில் நாலு பேர் கூடிக் காபி குடிப்பதைப் பார்த்து மிரண்டார். நாலு பேர் கூடினால் ஆட்சியைப் பற்றித்தானே பேசுவார்கள்! வைத்தியர்கள் சாட்சி சொல்ல, காபிக்குத் தடை விழுந்தது. கெய்ரோவிலிருந்த சுல்தான் அதைத் தளர்த்திவிட்டார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பர் கடைசியில், காபிக் கடைகளை இழுத்து மூடச் சொன்னார். ஜனவரி 10இல் அமலாக வேண்டிய உத்தரவை 8ஆம் தேதியே சுருட்டி வைத்துக்கொண்டார். வீராப்பு பத்து நாளைத் தாண்டவில்லை.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடெரிக். காபிக் கொட்டை வெளிநாட்டுச் சரக்கு, காசெல்லாம் எல்லை தாண்டிப் போகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். 1777இல் ஓர் அறிக்கை விட்டார்: குடிகளே, பீர் குடியுங்கள், நானும் பீரில் வளர்ந்தவன்தான்! 'குடி குடியைக் கெடுக்கும்' என்று பாட்டிலில் ஒட்டிவிட்டு விற்ற அரசாங்கத்தை நமக்குத் தெரியும். இவர் அந்தச் சம்பிரதாயமும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவரே காபிப் பிரியர்.

1781இல் கொட்டை வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கினார். பெரிய மனிதர்களுக்கு மட்டும் வறுக்க அனுமதி. சாமானியன் அரசு சொன்ன விலைக்கு வறுத்ததையே வாங்க வேண்டும். உடனே அடுப்படிகளில் திருட்டு வறுவல் தொடங்கியது. ஆனால் காபி வறுக்கிற வாசனையைக் கதவடைத்து ஒளிக்க முடியுமா? அரசு சளைக்கவில்லை. போரில் அடிபட்டு ஓய்ந்த சிப்பாய்களைப் பிடித்து, தெருத்தெருவாக மோப்பம் பிடிக்க அனுப்பியது. பீரங்கிப் புகையைச் சுவாசித்த மூக்குகள் இப்போது பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்றன. ஊர் எரிச்சலில் கொதித்தது. 1786இல் மன்னர் காலமானார். அடுத்த வருடமே மோப்பப் படையும் கலைந்தது.

வேடிக்கையைக் கேளுங்கள். 1760இல் இதே பிரெடெரிக் குண்டு போட்டுத் தகர்த்த டிரெஸ்டன் நகரத்தில்தான், 1908இல் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி காபியில் வண்டல் வருகிறதே என்று அலுத்துக்கொண்டார். பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார், மகனின் நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து உள்ளே விரித்தார், பொடியைக் கொட்டிக் கொதிநீரை ஊற்றினார். தெளிந்த காபி இறங்கியது. காகித ஃபில்டர் பிறந்த கதை இதுதான். பள்ளிக்கூட நோட்டு உருப்படியாகப் பயன்பட்ட அபூர்வச் சம்பவம்.

நம் பித்தளை ஃபில்டருக்குத் தாளே வேண்டாம். மேலடுக்கின் சின்னச் சின்ன ஓட்டைகளும் குடைத்தட்டும் போதும், டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஆனால் பிரெடெரிக் முழுக்கத் தோற்றுவிடவில்லை. காபிக்கு வழியில்லாத ஜெர்மானியர்கள் அந்தக் காலத்தில் வறுத்துக் குடிக்கப் பழகிய சிக்கரி வேர் இன்று நம் டம்ளரில் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; மிச்சம் 49 வரை வேர்தான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பொடி வாங்குங்கள்.