கந்தமாதனப் பர்வதத்தில் குளிர்கால மலையேற்றம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

குளிர்கால மலையேற்றம் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இமயமலை, ஆல்ப்ஸ் என்று வெளியூரிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே மலையும் கிடையாது, பனிப்பொழிவும் கிடையாது என்று சாக்கு சொல்வார்கள். ஆய்வு என்று இறங்கிவிட்ட பிறகு இதெல்லாம் ஒரு தடையா? பொருள் இல்லாமலே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு.

முதலில் மலை. ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலுக்கு வடக்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் கந்தமாதனப் பர்வதம் இருக்கிறது. தீவிலேயே உயரமான இடம் இதுதான். உச்சியில் இரண்டடுக்கு மண்டபம். உள்ளே ஒரு சக்கரத்தின் மேல் ராமரின் பாதச்சுவடு. பர்வதம் என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிப்பார். 'ராமர் பாதம்' என்று சொன்னால் வண்டியைக் கிளப்புவார். வெளியூர்க்காரர்கள் சிலர் இதை மணல்மேடு என்று சொல்லித் திரிகிறார்கள். வன்மையாக மறுக்க வேண்டிய கருத்து. கண்ணுக்கெட்டிய தூரம் கண்மாயும் கருவேலங்காடுமாகத் தட்டையாகக் கிடக்கிற சீமையில், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வைக்கிற எதுவும் மலைதான்.

பெயர்ப் பொருத்தமும் சாதாரணமானதல்ல. மகாபாரதத்தில், வன பருவத்தில், பாண்டவர்கள் ஏறுவது இமயத்துக் கந்தமாதனம். வழியில் திரௌபதி சோர்ந்து விழுகிறாள். கடோற்கசன் வந்து சுமக்கிறான். சௌகந்திக மலரைத் தேடிப் போன பீமன், குறுக்கே கிடந்த அனுமாரின் வாலை நகர்த்த முடியாமல் திணறுகிறான். நம்மூர்க் கந்தமாதனத்தில் கடோற்கசனுக்கு வேலை இல்லை. அடிவாரம்வரை ஆட்டோ போகிறது, மிச்சத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது. அனுமார் மட்டும் இங்கேயும் உண்டு. போகிற வழியில் சாட்சி அனுமாராகக் கோயில் கொண்டிருக்கிறார்.

இத்துறையின் முன்னோடியும் அவர்தான். பூசைக்கு லிங்கம் கொண்டுவரச் சொல்லி ராமர் அவரைக் கைலாயத்துக்கு அனுப்பினார். நல்ல நேரம் தப்பிவிடும்போல் இருந்தது, ஆள் வரவில்லை. சீதை மணலைப் பிடித்து லிங்கமாக்க, பூசை முடிந்துவிட்டது. இத்தீவிலிருந்து பனிமலைக்குப் போன முதல் பயணியும், சொன்ன நேரத்துக்குத் திரும்பாத முதல் பயணியும் அவரே. ஆனாலும் அவர் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் இன்றும் முதல் பூசை. தாமதமாக வந்தவருக்கு இந்த மரியாதை தரும் நிறுவனம் வேறெதுவும் எமக்குத் தட்டுப்படவில்லை.

இனி பனி. மார்கழி விடியலில் ராமேஸ்வரத்தில் 24 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது வானிலைப் பாடம். ஆக, உச்சியில் பூச்சியம் டிகிரி வேண்டுமானால் கந்தமாதனம் சுமார் 3,700 மீட்டர் உயர வேண்டும். ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர். அதேபோல் பன்னிரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி உச்சியில் நின்றால் பனி விழ வாய்ப்பு உண்டு. திட்ட மதிப்பீடு இன்னும் தயாராகவில்லை. ஊட்டியை ஒட்டி 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கும் தொட்டபெட்டாவுக்கே இந்தக் கணக்கில் 7 டிகிரிதான் தேறுகிறது. பிறகு ஊட்டியில் எப்படி உறைபனி என்று கேட்பீர்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல்லும் மண்ணும் தங்கள் சூட்டை வானத்தைப் பார்த்து வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அதனால்தான்.

இந்த இடத்தில் தமிழர்களின் பனிக் கோட்பாடுகளைப் பரிசீலிப்பது கடமையாகிறது. ஒரு தரப்பு, பனி மேலிருந்து இறங்குகிறது என்கிறது. அதன் இலக்கு மனித மண்டை. இத்தரப்பின் தலைமையிடம் டீக்கடை பெஞ்சு. சீருடை குரங்குக் குல்லா, மப்ளர். இன்னொரு தரப்புக்குப் பழமொழியே ஆதாரம்: தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். கூர்ந்து பாருங்கள். தையில் தரை, மாசியில் மச்சு. அதாவது பனி கீழிருந்து மேலே, மாதம் ஒரு மாடி வேகத்தில் ஏறுகிறது. ராமர் பாத மண்டபம் இரண்டடுக்கு என்பதால் மாசியில் மேலடுக்குக்குப் போகிறவர்கள் கவனமாக இருப்பது நல்லது.

இந்த வழக்கில் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பனித்துளி விழுவதும் இல்லை, எழுவதும் இல்லை. குளிர்ந்த பொருளின் மேல் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே படிகிறது. இதைக் கண்டுபிடிக்க அவர் இரவில் தோட்டத்தில் சிறு சிறு கம்பளிப் பொதிகளை வைத்து, எடை எவ்வளவு கூடுகிறது என்று நிறுத்துப் பார்த்தார். ஏன் கம்பளி? பனித்துளியைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரப் பொருள். இந்த உண்மையை டீக்கடை பெஞ்சில் எடுத்துச் சொன்னபோது, மப்ளரை இன்னொரு சுற்று இறுக்கியதைத் தவிர வேறு எதிர்வினை கிடைக்கவில்லை.

தவிர, மார்கழியில் இத்தீவில் பனித்துளி படிவதே கஷ்டம். காரணம், வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து நிற்காமல் அடிக்கிற காற்றில் உடைமரங்களின் குடைத்தலைகூட ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், 2022-இல் போக்குவரத்து நிற்கும்வரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட்டதில்லை. ஈர வேட்டிக்கு அப்படி ஒரு விதி இல்லாதது பெருங்குறை.

ஈர வேட்டி என்று சொன்னேன். அங்கேதான் இந்த மலையேற்றத்தின் உண்மையான ஆபத்து இருக்கிறது. முறைப்படி அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்று மேடையில் நிற்பவர் வாளியைக் கயிற்றில் விட்டு, இழுத்து, நிமிர்ந்த கையோடு நம் உச்சந்தலையில் கவிழ்க்கிறார். மூச்சு வாங்குவதற்குள் கூட்டம் அடுத்த கிணற்றுக்குத் தள்ளிவிடும். கிணற்று நீர் அப்படி ஒன்றும் குளிரில்லை. குளிரைக் கிளப்புவது வெளியே வந்ததும் மேலே படும் காற்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும்; ஒரு வேளைச் சாப்பாட்டின் சக்தி அது. துணியில் தங்கிய ஈரம் அதில் ஒரு பங்கை நம் உடம்பிலிருந்தே கறந்துகொள்கிறது. எனவேதான் 24 டிகிரியில் ராஜஸ்தானிலிருந்து வந்த யாத்ரீகருக்கும் பல் கிட்டுகிறது. சன்னதிக்குள் ஈரத்துணியோடு விடுவதில்லை என்ற கோயில் விதி உயிர்காக்கும் விதி என்பதை எந்த மலையேற்றக் கையேடும் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பனிமலையின் நீர் இங்கே வருவதில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். கங்கோத்ரி பனியாற்றிலிருந்து உருகி வந்த கங்கை, சிறு செம்புகளில் அடைபட்டு, இங்கே ராமநாதருக்கு அபிஷேகமாகிறது. பதிலுக்கு இங்கிருந்து மணல் கங்கைக்குப் போகிறது.

திடவடிவப் பனிக்கு மீன்பிடி இறங்குதளம் போக வேண்டும். ஐஸ் கம்பெனியில், பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாத உப்புநீர்த் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்களை இறக்கி வைப்பார்கள். உறைந்து வருகிற ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து, உடைக்கிற மெஷினில் தள்ளினால் மறுபக்கம் வெள்ளையாகக் கொட்டும். அதைப் படகின் அறைகளுக்கு அள்ளிப் போடுகிறார்கள். சிதறியது கணுக்கால்வரை கிடக்க, ரப்பர் செருப்பும் கைலியுமாக, மேலே சட்டையில்லாமல் ஒரு இளைஞர் நின்றுகொண்டிருந்தார்.

"குளிரலையா தம்பி?"

"குளிரணும்ணே. இல்லாட்டி மீனு கெட்டுப்போகும்."

அவருக்குப் பின்னால், கரையில், மப்ளர் சுற்றிய ஒருவர் சூடான டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடம் காய்ந்த சிமெண்டுத் தரை.

மேற்கண்ட தரவுகளிலிருந்து இப்பகுதியின் பனிக்காலத்தை ஓரளவு வரையறுக்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; ஐஸ் ஏற்றும் வேலையும் பெரும்பாலும் அப்போது படுத்துவிடும். ஆக ராமேஸ்வரத்தில் பனிக்காலம் ஜூன் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆல்ப்ஸுக்கு இவ்வளவு நீண்ட சீசன் இருந்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

மலையேற விரும்பும் வாசகர்களுக்கு: 22 தீர்த்தம் முடிந்ததும் துணியை மாற்றித் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். கைக்குப் பனங்கிழங்கு வாங்கிக்கொள்ளுங்கள், மார்கழி, தையில் அதற்குச் சீசன்தான். மண்டபத்தின் மேலடுக்கில் காற்று அதிகம், குல்லாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பனிமேல் நடந்தே தீருவேன் என்பவர்கள் இறங்குதளத்துக்கு ஏப்ரல் 14-க்குள் வந்து சேரவும்.