ரோமாபுரியின் ‘பார்க்கலாம்’ தளபதி

கி.மு. 217. டிராசிமீன் ஏரிக்கரை மூடுபனியில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் விரித்த வலையில் கான்சல் ஃபிளாமினியஸ் மாட்டிக்கொண்டு செத்தார். கூடவே சுமார் 15,000 ரோமானியர்களும் போய்ச் சேர்ந்தார்கள். பதறிப்போன ரோமாபுரி, ஆறு மாதத்துக்கு ஒரு சர்வாதிகாரியை நியமித்தது. பெயர் ஃபேபியஸ் மாக்சிமஸ். உதட்டில் மரு இருந்ததால் ‘மருவன்’ என்று பட்டப்பெயர். சின்ன வயதில் வாயில்லாப் பூச்சியாக இருந்ததால் ‘ஆட்டுக்குட்டி’ என்று இன்னொன்று. ஆல்ப்ஸைத் தாண்டி வந்த ஓநாயை விரட்ட ஆட்டுக்குட்டியை அனுப்பினார்கள்.

ஆட்டுக்குட்டி முதலில் செய்த காரியம் பரிகாரம். தோல்விக்குக் காரணம் சாமிகுத்தம் என்று சொல்லி நேர்த்திக்கடன்களை முடித்துவிட்டுத்தான் படையைக் கிளப்பினார். ஹன்னிபால் சமவெளியில் அணிவகுத்து, “தைரியம் இருந்தால் வா” என்று நின்றார். இவர் மலைமேல் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் நகர்ந்தால் இவரும் மேலேயே நகர்வார். ஹன்னிபாலின் நுமிடியக் குதிரைப்படை சமவெளியில் எமன். மலைச்சரிவில் அதற்கு ஜோலி இல்லை. தானியமும் தீவனமும் தேடிப் பிரிந்து வருகிற சின்னக் கும்பல்களை மட்டும் ரோமானியர்கள் அடித்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். ஹன்னிபால் போகிற வழியிலுள்ள ஊர்க்காரர்கள் வீட்டையும் விளைச்சலையும் கொளுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வேறு. அந்நிய மண்ணில் நிற்பவனுக்குச் செத்த ஆள் செத்த ஆள்தான். ரோமுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். கொரில்லாப் போருக்குப் பின்னாளில் எழுதப்பட்ட தடித்தடியான இலக்கணங்களில் பாதி இதுதான்.

சொந்த வயலைக் கொளுத்தியவனிடம் இந்த இலக்கணம் எடுபடுமா? ஹன்னிபால் பின்னாலேயே போகிறாரே, பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் துணைபோகும் அடிமையா என்று படையே கேலி பேசியது. துணைத்தளபதி மினூசியஸ், “இப்படி ஏறிக்கொண்டே போனால் சொர்க்கத்துக்கா?” என்று கேட்டார். இதில் ஹன்னிபாலின் குறும்பு வேறு: சுற்றிலும் எல்லார் நிலத்தையும் எரித்துவிட்டு ஃபேபியஸின் பண்ணையை மட்டும் தொடாமல் விட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஒருமுறை கம்பானியாவில் ஹன்னிபாலே வசமாகச் சிக்கினார். வெளியேறும் கணவாயில் 4,000 ரோமானியர்கள். ராத்திரி, 2,000 மாடுகளின் கொம்பில் சுள்ளிக்கட்டைக் கட்டித் தீ வைத்து மலைமுகட்டுக்கு விரட்டினார். கொம்பின் அடிவரை நெருப்பு இறங்கியதும் மாடுகள் வெறிபிடித்து நாலாபக்கமும் ஓடின. மலையே பற்றி எரிந்தது. எதிரி அந்தப் பக்கம் தப்புகிறான் என்று காவல்படை கணவாயை விட்டு முகட்டுக்கு ஓட, காலியான வழியாக ஹன்னிபால் சாவகாசமாக வெளியேறினார். ஃபேபியஸ் எல்லாவற்றையும் கூடாரத்திலிருந்து பார்த்தார். ஏதோ சூழ்ச்சி என்று சந்தேகப்பட்டார். சூழ்ச்சிதான். அதனால் அசையவில்லை.

ரோம் பொறுமையிழந்து மினூசியஸுக்கும் சம அதிகாரம் கொடுத்தது. பாதிப் படையோடு பாய்ந்த மினூசியஸ் நேராகப் பொறிக்குள் விழுந்தார். ஃபேபியஸ் அன்றுதான் மலையிலிருந்து வேகமாக இறங்கினார். காப்பாற்றப்பட்டவர் அவரை “அப்பா” என்று கூப்பிட்டார்.

ஃபேபியஸின் பதவிக்காலம் முடிந்ததும் புதியவர்கள் 80,000 பேருக்கு மேல் திரட்டி, கி.மு. 216-இல் கன்னேயில் நேருக்கு நேர் மோதினார்கள். ஒரே நாளில் செத்தவர்கள், வரலாற்றாசிரியர் லிவி கணக்கில் 48,000; இன்னொரு வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்கில் 70,000. அதன்பிறகு ஃபேபியஸ் வாங்கியிருந்த ‘தாமதக்காரர்’ என்ற வசவு விருதாகிவிட்டது. ஆனால் கிழவர் கடைசிவரை மாறவில்லை. ஆப்பிரிக்காவுக்கே போய் அடிக்கலாம் என்று இளம் தளபதி ஸிபியோ சொன்னபோதும் செனட்டில் எழுந்து தடுத்தார். ஸிபியோ கப்பலேறினார். கி.மு. 203-இல் கிழவர் காலமானார். மறுவருடம் ஸாமாவில் ஹன்னிபால் ஸிபியோவிடம் தோற்றார்.

1884-இல் லண்டனில் சில சோஷலிஸ்டுகள், புரட்சியெல்லாம் வேண்டாம், மெதுவாகப் பார்க்கலாம் என்று ஃபேபியஸின் பெயரில் ஃபேபியன் சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் சில ஆண்டுகள் இருந்தவர் அன்னி பெசன்ட். அவரே அடையாறுக்கு வந்து, 1916-இல் ஹோம் ரூல் லீக் தொடங்கி, வெள்ளைக்கார அரசோடு மினூசியஸ் கணக்காக மோதினார். 1917-இல் மெட்ராஸ் அரசு அவரைப் பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தது. ஆக, மலைமேல் போய் உட்கார வேண்டியதாகத்தான் ஆயிற்று.