ஒரு மடை, ரெண்டு பங்காளி

கோயம்புத்தூரில் ஒரு பொருள் தேய்ந்துபோனால் புதுசு வாங்குவது கடைசி யோசனை. அதற்கு முன்னால் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத்துக்காரர் இருக்கிறார். அவரிடம் போய் "இது எங்கீங்க கெடைக்கும்?" என்று கேட்டால் மனுஷனுக்கு முகம் சுண்டிவிடும். "கெடைக்காட்டி என்னங்க, செஞ்சு போட்டுக்கலாம்" என்பார். பொண்ணு, மாப்பிள்ளை தவிர மற்ற எல்லாவற்றையும் லேத்தில் கடைந்துவிடலாம் என்பது இந்த ஊரின் நம்பிக்கை.

இதற்கு ஜி.டி. நாயுடுவைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். கலங்கல் கிராமத்துப் பையன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போய், கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை வாங்கினார் என்பார்கள். வாங்கியவர் முதலில் என்ன செய்தார்? அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதும், மோட்டார் செய்ததும் அப்புறம் நடந்த கதை. அன்றிலிருந்து இங்கே ஸ்பானர் பிடிக்கிற ஒவ்வொருவரும் மாட்டுவதில் பாதி நாயுடு, கழற்றுவதில் முழு நாயுடு.

என்னிடம் இருப்பது சித்தப்பா வழியில் வந்த ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350-ஐத்தான் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் அந்தப் பெயரில் கொண்டுவந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது, நமக்கு டிரம். ஆக, கிளம்புவது ஜப்பான் வேகத்தில், நிற்பது நம்ம ஊர் நிதானத்தில். அது குடிக்கிற பெட்ரோல் கணக்கைச் சித்தி முன்னால் இன்றுவரை யாரும் எடுப்பதில்லை.

இரண்டு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர். கைப்பிடியிலிருந்து கிளம்பும் ஒரே கேபிள் நடுவழியில் பிரிந்து இரண்டையும் திறக்கும். பொது வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் பங்காளிகள் கதைதான். ஒருத்தன் மடை ஒரு நூல் அதிகம் திறந்தால் போதும், இன்னொருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். சிக்னலில் நின்றால், பச்சை விழுவதற்குள் வண்டி தானாக உறுமும், தானாக அடங்கும், பிறகு தானாகச் சாகும். அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் ஒரு நாள் நடுவில் நின்றே போனது. பத்து கிலோமீட்டர் பாலம், பேர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். தள்ளிக்கொண்டு வரும்போது அந்தப் பேர்ப்பலகையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணன் காதை வைத்துக் கேட்டார். "வண்டி நல்ல வண்டிதானுங்க. ஓடாது, அவ்வளவுதானுங்க." கொங்கு நாட்டில் மரண அறிவிப்புக்கும் 'ங்க' உண்டு.

கழற்றியதும் காரணம் தெரிந்தது. கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் ஸ்லைடை இன்ஜின் எப்போதும் தன் பக்கமே உறிஞ்சி இழுக்கிறது. நாற்பது வருஷம் இழுத்ததில் அந்தப் பக்கம் மட்டும் பூச்சு போய்ப் பித்தளை மஞ்சளாகச் சிரித்தது. பாடிக்குள் போட்டு ஆட்டினால் கடகட. அந்தச் சந்து வழியாகத் திருட்டுக் காற்று நுழைவதால் ஐடிலிங் நிற்காது. ஸ்லைடில் தொங்கும் நீடில் உரசி உரசி, பெட்ரோல் வரும் நீடில் ஜெட்டின் துளையும் அகன்றிருந்தது. அதனால் கைப்பிடியைக் கொஞ்சம் திருகினால் பெட்ரோல் கூடுதலாக வந்து பிளக் கரியாகும். நின்றால் பட்டினி, நகர்ந்தால் அஜீரணம். போதாததற்கு இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதம் எத்தனால். எண்பதுகளின் ரப்பருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, குடித்தவுடன் ஊதிவிடுகிறது.

வீட்டில் வைத்துக் கழுவ ஆரம்பித்தேன். மெயின் ஜெட், பைலட் ஜெட், மிதவை, ஸ்பிரிங் எல்லாவற்றையும் வலது இடது மாறாமல் வைக்க அஞ்சறைப் பெட்டியைவிடத் தோதான பாத்திரம் உலகத்தில் இல்லை. அம்மா இதை ஏற்கவில்லை. அன்றைய ரசத்தை யாரும் ஏற்கவில்லை.

இதற்குள் மச்சான் ஆன்லைனில் புது கார்புரேட்டர் ஜோடி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டான். பெட்டியில் 'ஜப்பான்' என்று போட்டிருந்தது, எழுத்துப்பிழையோடு. மெக்கானிக் அண்ணன் ஜெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் ஒரு நம்பர், இன்னொன்றில் வேறு நம்பர். "ஜோடிதானுங்க. வேற வேற கல்யாணத்துல இருந்து புடிச்ச ஜோடி."

கடைசியில் கணபதி லேத்துதான். பெரியவர் பேசவே இல்லை. பாடியை லேசாக போர் அடித்து, பித்தளைத் தண்டில் கொஞ்சம் பெருத்த ஸ்லைடு இரண்டு கடைந்தார். மைக்ரோமீட்டரை எடுப்பதற்கு முன்பே கட்டைவிரலால் தடவி அளவு சொன்னார். மைக்ரோமீட்டர் அதை ஆமோதித்தது. காலணா பெறாத வேலை என்று நினைத்தாரோ என்னவோ, கூலி கேட்கக் கூச்சப்பட்டார்.

மாட்டியபின் மெக்கானிக் அண்ணன் ஒரே அளவு டிரில் பிட் இரண்டை ஸ்லைடுகளுக்கு அடியில் சொருகி, இரண்டும் ஒரே நொடியில் விடுபடும்வரை கேபிளைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, இரண்டு சைலன்சருக்கும் ஆளுக்கொரு உள்ளங்கையைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டார். இடது கையில் காற்று கொஞ்சம் மெதுவாக அடிக்கிறதாம். ஏர் ஸ்க்ரூவில் கால் திருகு. மறுபடி உள்ளங்கை. "இப்ப ராசி ஆயிட்டாங்க." மைலேஜ் பற்றிக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

மச்சான் கொடுத்த அந்தப் போலி ஜோடியை லேத்துப் பெரியவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். "அளவு எடுத்துட்டுத் தர்றேனுங்க." இன்னும் தரவில்லை. போன வாரம் எட்டிப் பார்த்தபோது பட்டறை மூலையில் வார்ப்படத்துக்காக மரத்தில் செதுக்கிய ஒரு பேட்டர்ன் இருந்தது. கழுத்து நீண்டு, அடியில் கிண்ணம் வைத்த உருவம். எதற்கென்று நான் கேட்கவில்லை, "எத்தனை ஜோடி வேணுமுங்க?" என்று அவர்தான் கேட்டார்.