டீ குடித்த பத்து நிமிடம்

கேள்வி: பிக் பாஸ் போட்டியாளர்களைப் பற்றி, 'இவர் நல்லவர், அவர் விஷம்' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்களே, நம்பலாமா?
– சிப்காட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி

பதில்: போட்டியாளர்களை அடைத்து வைக்கும் பிக் பாஸ் வீடு உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை, பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் போட்ட செட். 24 மணி நேரமும் கேமரா ஓடுகிறது. டி.வி. எபிசோடில் நமக்குக் கிடைப்பதோ அதில் வெட்டி எடுத்த ஒரு துண்டு, அதுவும் விளம்பரத்தோடு! உங்கள் எட்டு மணி நேர ஷிஃப்டில் டீ குடித்த பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி, பின்னணி இசை சேர்த்து சூப்பர்வைசருக்குக் காட்டினால் உங்களுக்கு என்ன பெயர் கிடைக்கும்? அப்படி வெட்டிய காட்சிகளை நம்பித்தானே 2017-ல் முதல் சீசனிலேயே போட்டியாளர் ஓவியாவுக்கு ரசிகர் 'ஆர்மி' கட்டிய கையோடு, சக போட்டியாளர் ஜூலியை வறுத்தெடுத்தோம் (அடியேனும் சிரித்தேன்). 'நேற்றைய எபிசோடில் கத்தினார்' என்று எழுதியிருந்தால் நம்புங்கள். 'பிறவிக் குணமே அப்படி' என்றிருந்தால், அடுத்த பக்கம் புரட்டுங்கள்.