பாயில ஒட்டின நம்பர்

ஹாம்பிள்,
இங்கிலாந்து.

அன்புள்ள சின்னமாமாவுக்கு,

 

நான் இங்க கப்பல் வாங்கிப்போட்டன் எண்டு எங்கட ஊர் கள்ளப்பாடு முழுக்கக் கதை உலாவுதாம். தங்கச்சி சொன்னாள். ஆரும் கடன் கேட்டு வர முன்னம் விசயத்தைத் தெளிவாக்கிறன். நான் அனுப்பின படத்தில பின்னால நிண்ட போட் என்ரை இல்லை. அதின்ரை பாயும் என்ரை இல்லை. பாயில இருக்கிற நம்பரை ஒட்டினது மட்டும்தான் நான். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சிரிக்காதேங்கோ. பாய் தைக்கிற கூடத்தில அது பெரிய வேலை. மண்டபம் மாதிரி மினுமினுக்கிற பலகை நிலம். சப்பாத்தை வாசலில கழட்டிப்போட்டு எல்லாரும் காலுறையோட நடக்கோணும். தையல் மிசின் நிலத்துக்குள்ள வெட்டின குழியில இருக்கும். தைக்கிறவர் அந்தக் குழிக்குள்ள இறங்கி இருப்பார். முதல்நாள் வெறுந்தலை ஒண்டு நிலத்தில முளைச்சு "குட் மோர்னிங்" சொல்ல, எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டுபோச்சு.

இங்க ஒரே அச்சில வார்த்த போட்டுகள் ஐம்பது அறுபது ஒண்டாய் ஓடும். வெள்ளைப் பாய், வெள்ளை உடம்பு. எது ஆற்றையெண்டு பெத்த தாய்க்கும் தெரியாது. அதால பாயில நம்பர். சின்னப் போட்டுகளில, செய்யேக்க உடம்புக்கு விழுகிற நம்பர்தான் பாய்க்கும். லேசர் எண்டு ஒரு இனம் இருக்கு, இப்ப அதை இல்க்கா எண்டு சொல்லுகினம். அதின்ரை நம்பர் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டுது. பந்தயம் ஓடுற பெரிய போட்டுகளுக்கு லிமிங்டனில ஒரு அலுவலகம் இருக்கு. அவை குடுக்கிற நம்பரின்ரை வாலில எல், ஆர் எண்டு ஒரு எழுத்தும் வரும். ஆனால் மாமா, இந்த நம்பர் காணி உறுதி மாதிரி இல்லை. இதைக் காட்டி வங்கியில கடன் எடுக்கேலாது. போட்டைப் பதியிறது வேற கந்தோர், வேற நம்பர். அது உடம்பில இருக்கும். பாயில இருக்கிறது பந்தயத்துக்கு மட்டும். சும்மா காத்து வாங்க ஓடுறவருக்கு அது தேவையுமில்லை.

விளையாட்டுத்தானே எண்டு நினையாதேங்கோ. "வேர்ல்ட் செயிலிங்" எண்ட உலகச் சங்கத்தின்ரை விதிப்புத்தகத்தில இதுக்கெண்டே ஜி எண்டு ஒரு பின்னிணைப்பு. மூண்டரை மீற்றருக்குக் குறைஞ்ச போட்டுக்கு எழுத்து ஆகக் குறைஞ்சது 230 மில்லிமீற்றர் உயரம். எட்டரை வரைக்கும் 300. பதினொண்டு வரைக்கும் 375. அதுக்கு மேல 450. எழுத்துக்கு எழுத்து விடுற இடைவெளிக்கும் கணக்கு. பாயின்ரை இரண்டு பக்கமும் ஒட்டோணும். ஆனால் நேருக்கு நேர் ஒட்டக்கூடாது, வலப்பக்கத்து நம்பர் மேல, இடப்பக்கத்து நம்பர் கீழ. பாய் மெல்லிசு, வெயில் பட்டால் மற்றப் பக்கம் தெரியும். ஒரே உயரத்தில ஒட்டினால் 17 உம் 71 உம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி, சாத்திரியார் போட்ட சக்கரம் மாதிரிக் கிடக்கும்.

சின்னப் போட்டுக்கு வாற ஸ்ரிக்கர் பெரும்பாலும் 8 தான். மணிக்கூட்டு இலக்கம் மாதிரி ஏழு துண்டு. வேண்டாத துண்டை வெட்டி எறிஞ்சால் 3, 5, 6 எல்லாம் பிறக்கும். ஒரு நாள் முழுக்க எட்டை வெட்டி ஏழாக்கினதுக்கு எனக்குச் சம்பளம் தந்தவை எண்டால் அங்க ஆர் நம்புவினம்!

நம்பருக்கு முன்னால நாட்டெழுத்து. முந்தி பிரித்தானியாவுக்கு 'கே'. அவுஸ்திரேலியாவுக்கு 'கேஏ', கனடாவுக்கு 'கேசி', நியூசிலாந்துக்கு 'கேஇசட்'. ஆண்டு முடிச்சும், பாயில தன்ரை எழுத்தை விட்டிட்டுத்தான் வெள்ளைக்காரன் போயிருக்கிறான். 1851 இல இங்க பக்கத்தில இருக்கிற வைற் தீவைச் சுத்தின பந்தயத்தில அமெரிக்காக்காரன் வெண்டு கொண்டுபோன கிண்ணத்தை 132 வருசம் ஆராலும் பறிக்க முடியேல்லை. 1983 இல பறிச்ச 'அவுஸ்திரேலியா 2' இன்ரை பாயில இருந்தது 'கேஏ 6'. அந்த வெற்றிப் படத்திலயும் முன்னுக்கு நிக்கிறது பிரித்தானியாவின்ரை 'கே'தான்!

1990களின் தொடக்கத்திலதான் எல்லாருக்கும் மூண்டெழுத்து வந்தது. எங்கட நாட்டுக்கு எஸ்ஆர்ஐ. சேர்த்து வாசிச்சால் 'ஸ்ரீ'. 1957 இல வாகன நம்பர்த் தகட்டில சிங்கள ஸ்ரீ வந்ததுக்கு எங்கட ஆக்கள் நடத்தின போராட்டத்தை அப்பப்பா சொல்லுவார். அவர் இதைக் கண்டிருந்தால் தார்வாளியோட பாய்மரத்தில ஏறியிருப்பார். இந்தியாவுக்கு ஐஎன்டி. முல்லைத்தீவுக் கடலில இரவில அந்த எழுத்தோட இழுவைப்படகு தெரிஞ்சால், வலை போச்சு எண்டு தலையில கை வைப்பம். இங்க அதே எழுத்தோட ஒரு பாய் வந்தால் கை குடுத்துத் தேத்தண்ணி வாத்துக் குடுக்கினம்.

நம்பரின்ரை வேலையைப் பந்தயம் தொடங்கேக்க பார்க்கோணும். இப்ப வருசாவருசம் வைற் தீவைச் சுத்திற பந்தயம் 1931 இல 25 போட்டோட தொடங்கினது. பிறகு ஆயிரத்துக்கு மேலயும் வந்திருக்கு. பந்தயங்களில தொடக்கக்கோட்டை ஒருத்தர் தொலைநோக்கியால பார்த்து நம்பர் நம்பராய்ச் சொல்ல, பக்கத்தில ஒருத்தர் எழுதுவார். தொடக்க வெடிக்கு முன்னம் கோட்டைத் தாண்டினவனுக்கு எக்ஸ் கொடி ஏறும், திரும்பி வந்துதான் ஓடோணும். கறுப்புக்கொடி போட்ட பந்தயத்தில வெடிக்கு முந்தின கடைசி நிமிசத்தில கோட்டைத் தாண்டினால், விசாரணையும் இல்லை, வீட்டை போகவேண்டியதுதான். பந்தயத்தைத் திருப்பி ஓட விட்டால் அவனுக்கு இடமில்லை. நம்பரை மட்டும் ஊர் பார்க்க எழுதி வைப்பினம். கொம்பனி முதலாளியெண்டாலும் நீதவானெண்டாலும் அங்க அவர் வெறும் நம்பர். எனக்கு இந்த நாட்டில நல்லாய்ப் பிடிச்ச சட்டம் இதுதான்.

எங்கட முதலாளி ஒருநாள் "உன்ரை ஊரிலயும் பாய் ஓடினதோ?" எண்டு கேட்டார். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணியை ஒரு அமெரிக்கர் வாங்க, அது பாய் விரிச்சு 1938 இல அமெரிக்காவின்ரை குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னன். மனுசன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிட்டு, கடைசியில "அதின்ரை பாய் நம்பர் என்ன?" எண்டார்.

மாமா, பகிடி இருக்கட்டும். இவை பொழுதுபோக்குக்கு ஓடுறவை, நம்பரை மில்லிமீற்றரில அளக்கினம். நாங்கள் சோத்துக்குக் கடலுக்குப் போறனாங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி போட்டைப் பதிஞ்சு, நம்பரும் எழுதி வைச்சிருக்கிறம். கடைசி மூண்டு எழுத்தைப் பார்த்துத்தான் நாயாற்றுக்கு வாற போட் எந்த மாவட்டமெண்டே சொல்லுவம். ஆனால் உங்கட போட்டில முதல் எழுத்தையும் கடைசி இலக்கத்தையும் விட மிச்சத்தை உப்புத்தண்ணி திண்டுவிட்டுது. மிசின் நிண்டு போட் இழுபட்டால், தூரத்தில காணுறவன் கரைக்குச் சொல்லுறது அந்த நம்பரைத்தான்.

அதால மாரிக்குப் போட்டைக் கரையில ஏத்தேக்க, பழைய பெயின்றைச் சுரண்டிப்போட்டு இரண்டு பக்கமும் பெரிசாய் எழுதுங்கோ. தூரத்தில நிண்டு வாசிக்கேலாட்டி அது நம்பரே இல்லை. பெயின்ற் காசு அடுத்த மாதம் அனுப்பிறன். அதை வேற செலவுக்கு எடுக்க வேண்டாமெண்டு மாமிக்கும் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்