மீன் தொட்டியில் ஒரு ஸ்டாக் லாட்

சாயக்கழிவுத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க திருப்பூரே கடன் வாங்கியிருக்கிறது. நான் மட்டும் காசு கொடுத்து உப்பு வாங்கி நல்ல தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கிறேன். லிட்டருக்கு 35 கிராம், 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. அதுவும் சாதாரண உப்பல்ல, ஃபாரின் உப்பு.

எங்களுக்குக் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. ஆபீஸ் ரூமில் பையர் வந்தால் உட்காரும் சோபாவுக்கு எதிர்ச்சுவர் வெறிச்சென்று இருந்தது. மச்சினன் ஒருநாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கடல் மீன் தொட்டி வைங்க மாமா. பவளப்பாறை செட்டப். பையர் அசந்துருவான்" என்றான். இதுவரை அவன் சொல்லிக் கேட்டு நான் நஷ்டப்பட்டவற்றின் பட்டியல் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

தொட்டி வந்து இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கல் பவளங்களை 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்களாம். புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான். ஆபீஸில் பவளம் வைப்பதும் புலி கட்டுவதும் சட்டத்தின் கண்ணில் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே என் பவளப்பாறைத் தொட்டியில் பாறை உண்டு, பவளம் கிடையாது. பாறையும் சிமெண்ட். தொட்டிக்குள் இரண்டு நெமோ மீன்கள், ஓர் இறால். நெமோவைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தார் எப்போதோ கைவசப்படுத்திவிட்டார்கள். கடலையே பார்க்காத மீன், கடலே இல்லாத ஊருக்குப் பொருத்தம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் சிமெண்ட் பாறை பச்சைப் பாசி பிடித்து, மழைக்காலக் கிணற்றுப்படி மாதிரி ஆகிவிட்டது. இறால் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. மச்சினன் போனில் எதையோ படித்துவிட்டு, "நைட்ரேட்டு மாமா" என்றான், டாக்டர் "சுகர்" என்று சொல்லும் அதே குரலில்.

நைட்ரேட் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள திருப்பூர்க்காரனுக்கு வேதியியல் தேவையில்லை. எல்லாம் ஜாப் ஒர்க்தான். மீன் தின்று கழித்ததும் தின்னாமல் அழுகியதும் அமோனியா ஆகும். அது விஷம். ஒரு பாக்டீரியா அதை எடுத்து நைட்ரைட் ஆக்கி அனுப்பும். அதுவும் விஷம். அடுத்த பாக்டீரியா வாங்கி நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு கெடுதல் இல்லை, கொஞ்சமாக இருந்தால். நிட்டிங் முடிந்து டையிங், டையிங் முடிந்து கட்டிங் என்று சரக்கு நகர்கிற மாதிரி எல்லாம் ஒழுங்காக நடக்கும். சிக்கல் ஷிப்மெண்டில்தான். நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு ஏற்றுமதி செய்யும் மூன்றாவது பாக்டீரியா, காற்றுப் புகாத இடத்தில்தான் வேலை செய்வேன் என்கிறது. என் தொட்டியில் அப்படி ஓர் இடம் இல்லை. முடிந்த சரக்கு அப்படியே குடோனில் தேங்குகிறது. கேன்சலான ஆர்டரை ஸ்டாக் லாட் என்று காதர்பேட்டைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். நைட்ரேட்டுக்கு ஏது காதர்பேட்டை?

அளந்து பார்க்க ஒரு கிட் வாங்கினோம். சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர், முதல் பாட்டிலில் 10 சொட்டு, இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்கி அதில் 10 சொட்டு. அடியில் படிந்திருப்பது கலங்காவிட்டால் நைட்ரேட் குறைவாகக் காட்டி நம்மைச் சந்தோஷப்படுத்தும். ஐந்து நிமிடம் கழித்து நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் பூஜ்யம். அங்கிருந்து ஆரஞ்சு, சிவப்பு, கடும் சிவப்பு என்று ஏறும். எங்களுடையது சிவப்பு. எந்தச் சிவப்பு? அட்டையில் 40-ம் 80-ம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. நான் 40 என்றேன், மச்சினன் 80 என்றான், அக்கவுண்ட்ஸ் பெண் யார் பக்கமும் சாயாமல் 60 என்றாள்.

அந்த நேரம் பார்த்து லேப் டிப், அதாவது சாய மாதிரி, அப்ரூவலுக்காக டையிங் மாஸ்டர் வந்தார். முப்பது வருஷமாக நிறம் பார்த்தே சாப்பிடுகிறவர். குழாயையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு நேராக நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸுக்குப் போனார். டே லைட்டில் ஒரு தடவை, கடை வெளிச்சத்தில் ஒரு தடவை. கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, "80-ங்க. ஆனா டோன் கொஞ்சம் மஞ்சள் அடிக்குது" என்றார். "இது என்ன சாயம்?" என்று கேட்டார். மீன் மூத்திரம் என்றேன். மனிதர் கை நடுங்கவில்லையே! தொட்டியில் எவ்வளவு உப்பு என்று மட்டும் விசாரித்தார். 35 கிராம் என்றதும் லேசாகச் சிரித்தார். "அவ்வளவுதானா? டார்க் ஷேடுக்கு நாங்க லிட்டருக்கு 80 கிராம் போடுவமுங்க." கடலைவிட இரண்டு மடங்கு உப்பில் பனியன் சாயம் ஏறுகிறது என்பது இத்தனை வருஷம் தொழில் செய்தும் எனக்கு உறைத்ததில்லை.

நைட்ரேட்டைக் குறைக்க எளிய வழி தண்ணீர் மாற்றுவது. வாரம் 40 லிட்டர் எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் 40 லிட்டர் ஊற்ற வேண்டும். எடுத்ததை எங்கே கொட்டுவது? சாக்கடையில் கொட்டினால் நொய்யல் ஆற்றுக்குப் போகும். வெளியே விடும் கழிவுநீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. (எங்கள் ஊரில் டிடிஎஸ் இரண்டு. ஒன்று ஆடிட்டர் பிடிப்பது, மற்றது மீட்டர் பிடிப்பது. இரண்டுமே தூக்கத்தைக் கெடுக்கும்.) கடல் தண்ணீரின் டிடிஎஸ் சுமார் 35,000. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்ன ஊர் இது. அந்த ஊரில் நான் பக்கெட்டும் கையுமாகச் சாக்கடை ஓரம் நிற்பதா? அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அம்மாதான் வழி சொன்னாள். "தென்னைக்கு உப்பு வெப்பாங்கள்ல கண்ணு, அதுக்கு ஊத்து." யூரியா மாதிரி சத்தும் இருக்கிறதம்மா என்றேன். மூன்று வாரத்தில் தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் செடி கருகிப் போனது. அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. ரசமும் தாளிப்பில்லாமல் வந்தது.

இவ்வளவும் செய்து 80 என்ன ஆனது? 64 ஆகி, அடுத்த சனிக்கிழமை திரும்ப 80.

"வோட்கா ஊத்தணும் மாமா" என்றான் மச்சினன். அவனுக்கா என்று கேட்டேன். இல்லை, நிஜமாகவே கடல் தொட்டிக்காரர்கள் செய்வதுதான். ஆல்கஹாலில் இருக்கும் கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் சேர்த்து விழுங்கும், அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் என்ற நுரைக் கருவி நுரையோடு வெளியே தள்ளும். ஒரு நாளைக்கு 0.2 மில்லியில் ஆரம்பிக்க வேண்டும். டாஸ்மாக் வரிசையில் நின்றபோது எங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் எதிரே வந்தார். "பாக்டீரியாவுக்குங்க" என்றேன். "எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, கணக்குப்படி 900 நாள் வர வேண்டும். ஒரு மாதம் சிரிஞ்சில் பயபக்தியோடு விட்டேன். நைட்ரேட் அசையவில்லை. ஒருநாள் சந்தேகம் வந்து முகர்ந்து பார்த்தால் வாசனையே இல்லை. பாட்டிலில் இருந்தது ஆர்ஓ தண்ணீர். மச்சினன் அந்த வாரம் முழுக்க நூல் விலை விசாரிக்க ஈரோட்டில் இருந்தான்.

உண்மை தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிசிடிவி கேமராவில் வேறெதையோ தேடியபோது. காலை ஏழு மணிக்கு வாட்ச்மேன் தாத்தா தொட்டிக்குத் தீனி போடுகிறார். பத்து மணிக்கு டீ வாங்கித் தரும் அக்கா. மதியம் அக்கவுண்ட்ஸ் பெண். மாலையில் நான். நால்வரும் அவரவர் மட்டும்தான் போடுவதாக நினைத்திருக்கிறோம். நெமோக்களோ ஒவ்வொருவரிடமும் மூன்று நாள் பட்டினி மாதிரி கண்ணாடியில் வந்து முட்டியிருக்கின்றன.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் 16 ஏறுகிறது, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். இப்படியே பத்து வருஷம் மாற்றினாலும் 80-தான். நாலு ஷிப்டில் புரொடக்‌ஷனை ஓடவிட்டுக்கொண்டு வாரா வாரம் கிளியரன்ஸ் சேல் போட்டிருக்கிறேன். ஒரே ஆள் போட்டால் வாரம் 4 ஏறும், அதே தண்ணீர் மாற்றத்தில் தானாக 20-க்கு இறங்கி நின்றுவிடும். தொட்டி பக்கத்தில் நோட்டு ஒன்று கட்டித் தொங்கவிட்டேன். தீனி ஒரு வேளைதான், போட்டவர் கையெழுத்து, நேரம்.

மூன்று மாதம் கழித்து மாஸ்டர் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, "20-க்கு ஒரு பொட்டு மேலங்க. பல்க்குக்குப் போலாம்" என்று அப்ரூவல் கொடுத்தார். பாறை வெளுத்தது, இறால் நடமாடுகிறது. பையரும் வந்தார். சோபாவை விட்டுவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னார்.

வாட்ச்மேன் தாத்தாவுக்கு மட்டும் என் மேல் வருத்தம். "மீனு எளைச்சுப் போச்சுங்க" என்றார் நேற்று. அவர் சட்டைப் பையில் ஒரு பொரிப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.