இடைநிலை என்னும் திரிசங்கு

ஜப்பானிய மொழி படிப்பவர் 'நான் இடைநிலை' என்றால், திரிசங்கு சொர்க்கத்தில் குடியிருக்கிறார் என்று பொருள். சிறுவருக்கான மங்கா என்னும் படக்கதைகளில், கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளின் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். ஃபுரிகானா என்று பெயர். நம்மவர் கடகடவென்று படித்து மார்தட்டுவார். நாளிதழைக் கொடுங்கள். பொடி எழுத்து அநேகமாக இராது, கடகடப்பும் இராது.

அன்றாடப் புழக்கத்துக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள். 'அங்கே குழந்தைகளே படிக்கிறார்களே' என்று தேற்றுபவர்கள், அதில் 1,026-ஐ முடிக்கவே ஆரம்பப் பள்ளியில் ஆறு ஆண்டு ஆகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். எண்ணிக்கையைக்கூட மன்னித்துவிடலாம். உயிர், பிறப்பு என்று பொருள்படும் ஒரே எழுத்து, மாணவர் என்ற சொல்லில் 'செய்', பிறந்தநாளில் 'ஜோ', பீர்க் கடைப் பலகையில் 'நாமா'. இடைநிலையாளர் இதைத் தயங்காமல் வாசிப்பது கடைசி இடத்தில்தான். கற்ற கல்வி வீண்போகவில்லை.

ஆட்பெயர் என்று வந்துவிட்டால் ஜப்பானியரே ஒருவரையொருவர் பணிவாக, 'இதை எப்படி வாசிப்பது?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். குடும்பப் பதிவேட்டில் பெயரோடு அதன் உச்சரிப்பையும் பதியவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2025 மே மாதம்தான்.